சீலிங்கில் கறை: எங்கிருந்து என்று தேடும் முன் எப்போது என்று பாருங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊர்த் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் சீலிங்கில் பழுப்பு வளையம் ஒன்று தெரிந்தால், முதலில் கூப்பிடுவது கூரை வேலை செய்பவரைத்தான். ஓடு உடைந்திருக்கும், மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையானால் இடியோடு கொட்டுகிற ஊர் இது, அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஓட்டை மாற்றி, பூச்சு பூசி, காசையும் கொடுத்த பிறகும் சொட்டு நிற்கவில்லை என்று என்னைக் கூப்பிடுகிறார்கள் பாருங்கள், அந்த வீடுகளில் தேடல் பெரும்பாலும் ஏர்கோன் பைப்பில்தான் போய் முடிகிறது.

நான் இங்கே ஏர்கோன் வேலை செய்கிறவன். இந்த வேலையில் எனக்கு உண்மையான கவலை இது ஒன்றுதான்: வருமானம் குறைந்த குடும்பங்கள் தேவையில்லாத இடத்தில் பணத்தைப் போட்டுவிட்டு, ஈரத்தோடும் பூஞ்சையோடும் அதே வீட்டில் படுத்துக்கிடப்பது. ஆளைக் கூப்பிடும் முன்பே பாதி விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் வீடுகளின் அமைப்பு. தோட்டத்து லயனை விட்டு டவுனுக்கு வந்தவர்கள் வாங்கியது பெரும்பாலும் மாடியில்லாத வரிசை வீடு. கட்டும்போது ஏர்கோனுக்கு என்று வழி எதுவும் விட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வாங்கி மாட்டியதுதான். நடு வீடு என்றால் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். நடு அறையில் ஏர்கோன், கம்ப்ரசரோ பின்னால் சமையலறைக்கு வெளியே. இரண்டையும் இணைக்கிற செம்புக் குழாய் சீலிங்குக்கு மேலே வீட்டின் பாதி நீளத்துக்கு ஓடுகிறது. அந்த இடத்தில்தான் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. அதற்கு மேலே ஓடு. ஆக, மழை, தொட்டி, ஏர்கோன் என்று மூன்று தண்ணீரும் ஒரே சீலிங்கில்தான் சொட்ட முடியும்.

இதில் சிக்கல் என்னவென்றால், மூன்றும் பெரும்பாலும் இரவில்தான் சொட்டும். மாலையில் பெய்த மழை ஓட்டுக்குக் கீழே இருக்கிற மரச்சட்டத்திலும் அலுமினியத் தாளிலும் தங்கி நின்று, ஆள் படுத்த பிறகு இறங்கும். தொட்டியும் அப்படித்தான். ஊரே தூங்கும்போது குழாயில் அழுத்தம் ஏறும். மிதவை வால்வு தேய்ந்திருந்தால் தண்ணீர் நிற்காமல் நிரம்பி வழியும். ஏர்கோனையோ நாம் போடுவதே இரவில்தான். அதனால்தான் "ராத்திரி சொட்டுது" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் சொல்ல முடியாது.

கறை இருக்கிற இடத்தையும் நம்ப வேண்டாம். தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டு, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தாழ்வான இடத்துக்குப் போய்த்தான் விழும். முன் அறையில் கறை, கோளாறு சமையலறைக்கு மேலே என்பதெல்லாம் சாதாரணமாக நடக்கிறது. இடம் ஏமாற்றும். நேரம் அவ்வளவு ஏமாற்றாது.

ஒரு தாள், ஒரு பென்சில்

ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். தினமும் மூன்று விஷயம் எழுதுங்கள்: மழை பெய்ததா, எத்தனை மணிக்கு, ஏர்கோன் போட்டது எத்தனை மணிக்கு, அடைத்தது எத்தனை மணிக்கு, சொட்டு எப்போது தொடங்கியது, எப்போது நின்றது. கறையைச் சுற்றி பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். கோட்டைத் தாண்டிக் கறை வளர்ந்தால் அந்த இரவில் தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம், நீங்கள் தூங்கியிருந்தாலும் சரி.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். மழையில்லாத இரண்டு இரவுகள் ஏர்கோனைப் போடாமல் இருங்கள். சிரமம்தான், காற்றாடியோடு சமாளியுங்கள். அந்த இரண்டு இரவும் கறை வளரவில்லை, மூன்றாம் இரவு ஏர்கோன் போட்டதும் வளர்கிறது என்றால் கூரைக்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை. ஏர்கோன் இல்லாமலும் சொட்டினால் படுக்கப் போகும் முன் தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். இரவில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது, கழிவறையில்கூடத் தண்ணீர் இழுத்துவிடக் கூடாது. காலையில் எண் நகர்ந்திருந்தால் தொட்டியோ குழாயோ ஒழுகுகிறது.

இவ்வளவையும் சீலிங்குக்கு மேலே ஏறாமலே செய்துவிடலாம்.

ஏர்கோன்தான் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, போட்டு எவ்வளவு நேரத்தில் சொட்டுகிறது என்பது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் மெல்லத் தொடங்கி, அடைத்த பிறகு கொஞ்ச நேரத்தில் நின்றால் குழாய் வியர்க்கிறது. பல மணி நேரம் ஓடிய பிறகுதான் வருகிறது, ஏர்கோனின் முகப்பிலும் சொட்டுகிறது என்றால் தண்ணீர் வெளியேறும் பைப்பில் அடைப்பு. ஓடும்போது ஒன்றுமில்லை, அடைத்த பிறகு விடியற்காலையில் ஒரேயடியாகக் கொட்டுகிறது என்றால் உள்ளே ஐஸ் கட்டியிருக்கிறது. வடிகட்டி தூசியால் அடைத்திருக்கும், அல்லது கேஸ் குறைந்திருக்கும். வடிகட்டியைக் கழுவியும் திரும்ப ஐஸ் பிடித்தால், கேஸ் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

வியர்க்கிற குழாய்

மாடியில்லாத வீட்டில் அதிகமும் தப்பிப்போகிற காரணம் இதுதான், ஏனென்றால் இங்கே எதுவுமே ஒழுகவில்லை. குழாய் நன்றாகத்தான் இருக்கும். கேஸ் குறையாது, குளிரும் குறையாது. சர்வீஸ் செய்ய வந்த பையன் "ஏர்கோன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் பொய் சொல்லவில்லை.

கடையில் தே ஓ ஐஸ் கிளாசுக்கு வெளியே வழிகிறதே, அதே தண்ணீர்தான் இதுவும். நம் ஊர்க் காற்றில் இரவில் ஈரம் அவ்வளவு இருக்கிறது. 23, 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருள் மேலும் அது தண்ணீராகப் படியும். ஏர்கோன் ஓடும்போது செம்புக் குழாய் 10 டிகிரிக்கும் கீழே போகும். அதற்குத்தான் கறுப்பு ரப்பர் நுரை உறை போடுகிறோம். உறையில் ஒரு கீறல், இரண்டு துண்டு உறை சேருகிற இடத்தில் ஒரு விரல் இடைவெளி, நட்டு போட்டு இறுக்கிய மூட்டில் உறையே இல்லாமல் விட்டது என்று இருந்தால் போதும், இரவு முழுக்க அங்கே தண்ணீர் கட்டும். அந்தத் தண்ணீர் உறைக்கு உள்ளேயே ஓடி, அடுத்த இடைவெளியில் வெளியே விழும். விழுகிற இடத்தில் உறையைப் பிரித்துப் பார்த்தால் குழாய் ஒழுங்காக இருக்கும். கோளாறு மேட்டுப் பக்கம் பல அடி தள்ளி இருக்கும்.

இன்னொன்று, வீட்டு ஏர்கோன்களில் தடித்த குழாய், மெல்லிய குழாய் இரண்டுமே குளிரும். கேஸை விரிவாக்குகிற பகுதி பெரும்பாலும் வெளியே கம்ப்ரசர் பெட்டியில் இருப்பதால், மெல்லிய குழாயும் குளிர்ந்தேதான் உள்ளே வருகிறது. காசை மிச்சம் பிடிக்கத் தடித்த குழாய்க்கு மட்டும் உறை போட்டு, மெல்லியதை அதோடு சேர்த்து டேப் சுற்றிவிடுகிற வழக்கம் இருக்கிறது. அது வியர்க்காமல் இருக்காது. டேப்பை இறுக்கிச் சுற்றுவதும் கெடுதல்தான். உறையின் பலனே அதன் தடிப்பில் இருக்கிறது. நசுங்கிய இடத்தில் பலன் போய்விடும்.

தோட்டத்தை ஒட்டிய தாமான்களில் எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பனைக் காட்டில் எலி எவ்வளவு பெருகும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எலி பிடிக்கக் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிற அளவுக்கு அது தொல்லை. அந்த எலி வீட்டுக் கூரைக்கும் ஏறும். ரப்பர் நுரையைக் கடித்துக் கூடு கட்டும். உறை வெட்டுப்பட்டதுபோல இல்லாமல் பல்பல்லாகக் குதறியிருந்தால், புது உறை போடும் முன் எலி ஏறுகிற ஓட்டையை அடையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதே வேலை.

ஜாலான் லிந்தாங் பக்கம் ஓர் அக்கா வீடு. ஜூன் மாதம், நல்ல வெயில் காலம். "தம்பி, மழையே இல்ல, விடிஞ்சா பாய் ஓரம் நனைஞ்சிருக்கு. ஓடெல்லாம் மாத்தியாச்சு. இனி என்னத்த மாத்துறது?" என்றார். "ஒண்ணும் மாத்த வேணாம்க்கா. எத்தனை மணிக்கு ஏர்கோன் போடுறீங்க?" என்று கேட்டேன். பேரன் வந்தால் மட்டும்தான் போடுவாராம். பேரன் வருவது சனி, ஞாயிறு. பாய் நனைவதும் அந்த நாட்களில்தான். மேலே ஏறிப் பார்த்தால் பழைய குழாயோடு புதுக் குழாயை நீட்டி, நெருப்பு வைத்துப் பற்றவைத்த இடம் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் செம்பாக நின்றது. பற்றவைத்தவர் சூடு ஆறட்டும் என்று உறையைத் தள்ளிவைத்தவர், அதைத் திரும்ப இழுத்து மூடவே இல்லை. ஒரு துண்டு ரப்பர் உறையோடும் கொஞ்சம் பசையோடும் வேலை முடிந்தது. அந்த அக்கா கூரைக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

மேலே பார்ப்பது

ஏறாமல் பார்க்க முடிந்தால் ஏறாதீர்கள். சீலிங் மூடியைத் தள்ளி, கைப்பேசியின் விளக்கைப் போட்டு, துடைப்பக் கம்பில் கட்டி மேலே நீட்டிச் சுற்றிலும் வீடியோ எடுங்கள். ஏர்கோன் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எடுக்க வேண்டும். குழாயில் தண்ணீர் மின்னுகிறதா, சீலிங் பலகையின் மேல்புறத்தில் நனைந்த தடம் இருக்கிறதா, ஆணிகளில் துரு ஏறியிருக்கிறதா, சட்டத்தில் கரையான் மண்கோடு போகிறதா என்று நிதானமாகத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கரையானுக்கு ஈரம் வேண்டும். சீலிங்குக்கு மேலே அது குடியேறியிருந்தால் அங்கே தண்ணீர் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். விடியற்காலையில் ஏறுங்கள். மத்தியானம் ஓட்டுக்குக் கீழே மனிதன் தாங்குகிற சூடு இல்லை. மயக்கம் போட்டால் இறக்க ஆள் இருக்காது, அதனால் கீழே ஒருவர் நிற்க வேண்டும். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு டார்ச்லைட்டோடு போங்கள். பழைய வயரும் ஈரமும் ஒன்றாக இருக்கிற இடம் அது. கால் வைப்பது மரச்சட்டத்தின் மேல் மட்டும். பிளாஸ்டர் சீலிங் கம்பியில் தொங்குகிறது, ஆள் எடையைத் தாங்காது. முகமூடியும் கையுறையும் வேண்டும், காலில் கையில் புண் இருந்தால் ஏறவே வேண்டாம். எலி மூத்திரத்தால் வருகிற எலிக்காய்ச்சல் இந்த நாட்டில் ஆளைக் கொல்கிற நோய்.

பழைய வீடுகளில் சீலிங் ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம். சிமெண்டு நிறத்தில் தட்டையாக, ஓரங்களில் மரச்சட்டம் அடித்து இருக்கும். அதைத் துளைக்கவோ அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும். விவரம் தெரிந்த ஆளை வைத்துத்தான் அதைக் கழற்ற வேண்டும்.

மேலே போனதும் ஈரம் தெரிகிற இடத்திலிருந்து குழாயைப் பிடித்து மேட்டுப் பக்கமாகப் போங்கள். கை வைத்துப் பார்த்தால் எல்லாமே ஈரமாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். எல்லாவற்றையும் துணியால் துடைத்து, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சுற்று டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டு இறங்கி வந்துவிடுங்கள். மெயினைத் திறந்து ஏர்கோனை ஓட விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப மெயினை அடைத்துவிட்டு ஏறுங்கள். மேட்டுப் பக்கத்தில் முதலில் எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அங்கேதான் தொடக்கம். குழாயின் அடிப்புறத்தில் முகப்பவுடர் தூவி வைத்தால் சொட்டு ஓடிய தடம் கோடாகத் தெரியும்.

சீலிங் முழுக்கத் தேடியும் ஈரக் குழாய் எதுவும் இல்லை, ஆனால் ஏர்கோன் காற்று அடிக்கிற இடத்தில் சீலிங் கறுப்புப் புள்ளியாகப் பூத்திருக்கிறது, வளையம் இல்லை என்றால், அது குளிர்ந்த பலகை வியர்ப்பது. 16, 18 டிகிரியில் வைத்து இரவெல்லாம் ஓட விடுகிற அறைகளில் வரும். 24, 25க்கு ஏற்றுங்கள். காற்றை நேராகச் சீலிங்கில் அடிக்க விடாதீர்கள். விளக்கு ஓட்டைகளைச் சுற்றியுள்ள இடைவெளியை அடையுங்கள்.

மாடி வீடு, மண்டபம்

சுவரில் மாட்டுகிற ஏர்கோனின் தண்ணீர் பைப் தானாக மேலே ஏறாது, தண்ணீர் சாய்வில் இறங்கித்தான் போகும். ஆகவே மாடியில்லாத வீட்டில் அந்தப் பைப் சீலிங்குக்கு மேலே போனால், அதில் ஒரு சின்ன பம்பு இருந்தாக வேண்டும். அதையும் பாருங்கள். மாடி வீட்டில் கதை வேறு. மேல் அறை ஏர்கோனின் தண்ணீர், கீழே ஹாலின் பிளாஸ்டர் சீலிங்குக்கு உள்ளே படுத்துப் போகும். அங்கே நான் காண்பது இரண்டு: பசை போடாமல் வெறுமனே சொருகிய பிவிசி மூட்டு, தாங்கல் இல்லாமல் நடுவில் தொங்குகிற பைப். மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சாய்வு வேண்டும், ஒன்று ஒன்றரை மீட்டருக்கு ஒரு தாங்கல் வேண்டும். தொங்கின இடத்தில் பாசி பிடித்து அடைக்கும்.

இதைச் சோதிப்பது எளிது. ஏர்கோனை அடைத்து, முகப்பைத் திறந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் சமையலுக்குப் போடுகிற நிறத்தூளைக் கரைத்து, தண்ணீர் தங்குகிற தட்டில் மெதுவாக ஊற்றுங்கள். மின் பலகை இருக்கிற பக்கத்தில் ஊற்றக் கூடாது. வெளியே பைப் முனையில் ஒருவர் பாத்திரம் பிடிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய முழுவதும் வந்துவிட வேண்டும். பாதிதான் வந்தது, மிச்சம் சீலிங்கில் நிறத்தோடு இறங்குகிறது என்றால் வேறு சாட்சி வேண்டாம். ஈரமான இரவில், அறை குளிரத் தொடங்கும் நேரத்தில் ஒரு எச்.பி. ஏர்கோன் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூடத் தண்ணீர் விடும். அவ்வளவும் உங்கள் சீலிங்குக்கு மேலே போகிறது.

அடைப்பு எடுக்கும்போது வெளி முனையிலிருந்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளிருந்து கேஸ் அழுத்தத்தால் ஊதுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. பசை போடாத மூட்டு இருந்தால் அந்த ஒரு ஊதலில் சீலிங்குக்குள் கழன்றுவிடும், "சர்வீஸ் செஞ்ச அன்னைக்கே ஒழுக ஆரம்பிச்சது" என்பது அப்படித்தான். இந்தப் பைப்பும் குளிர்ந்த தண்ணீரைத்தான் கொண்டு போகிறது, சீலிங்குக்குள் போகிற நீளத்துக்கு அதற்கும் உறை வேண்டும்.

கோயில் மண்டபம், கடைவீடுகளில் சீலிங்கில் பதித்த ஏர்கோனுக்குப் பம்பு உண்டு. பம்பு நின்றால் தட்டு நிரம்பி வழியும். மிதவை சுவிட்ச் நிறுத்தி விளக்கு மின்னும்போது, திரும்பத் திரும்ப அடைத்துத் திறந்து ஓட்டாதீர்கள்.

சீலிங் தண்ணீரோடு தொங்க ஆரம்பித்துவிட்டால் தேடல் அப்புறம். அந்தப் பகுதி மின்சாரத்தை அடையுங்கள், ஆட்களையும் கட்டிலையும் நகர்த்துங்கள். பிளாஸ்டர் சீலிங் என்றால் கீழே வாளி வைத்து, மிகவும் தாழ்ந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சின்ன துளை போட்டு வடிய விடுங்கள்.

சரி செய்யும்போது

உறை 9 மில்லிமீட்டர்தான் வழக்கமாகப் போடுகிறார்கள். சீலிங்குக்கு மேலே அது போதாது. 13 கேளுங்கள், முடிந்தால் 19. ஒவ்வொரு குழாய்க்கும் தனி உறை, சேருகிற இடங்களில் பசை, தாங்கல் பிடிக்கிற இடத்தில் நசுங்காமல் ஓர் அகலத் தகடு. வேலை முடிந்ததும், "தம்பி, போட்டோ எடுத்துக் காட்டுப்பா" என்று கேளுங்கள். நன்றாகச் செய்தவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

மேலே தட்டு, வாளி எதையும் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சொட்டுக்குப் பாத்திரம் வைத்தாயிற்று என்று வருடக்கணக்கில் விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் வீட்டில் கொசுப் புழு கிடைத்தால் பொறுப்பு உங்களுடையது. தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும், டிங்கியில் படுப்பது உங்கள் பிள்ளைகள்.

பெயிண்டுக்கு அவசரம் வேண்டாம். பழுது பார்த்த பிறகு சீலிங் மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்து உலர விடுங்கள். கறையைச் சுற்றிப் புதிதாக ஒரு பென்சில் கோடு போடுங்கள். நல்ல மழை பெய்த இரவிலும், ஏர்கோன் விடிய விடிய ஓடிய இரவிலும் கோட்டைத் தாண்டவில்லை என்று உறுதியான பிறகு, எண்ணெய் அடிப்பூச்சு ஒன்று அடித்து அதன் மேல் சீலிங் பெயிண்ட் அடியுங்கள். அடிப்பூச்சு இல்லாமல் அடித்தால் பழைய கறை ஊறி வெளியே வரும், திரும்ப ஒழுகுகிறது என்று பயந்து மறுபடி ஆளைக் கூப்பிடுவீர்கள்.